யாருடைய தாத்தா பினாங்கில் பிறந்தார்?

லூனாஸ் பட்டணத்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் ஒரு டிவி உண்டு. 2025 ஜூன் 10 இரவு அந்த டிவிக்கு முன்னால் நாற்காலியே கிடைக்கவில்லை. புக்கிட் ஜாலில் அரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. மலேசியா வியட்நாமை நான்குக்குப் பூஜ்யம் என்று அடித்தது. பத்து வருடத்துக்கும் மேலாக நாம் ஜெயிக்கவே முடியாத அணி அது. ஜுவாவ் ஃபிகெய்ரேடோ ஒரு கோல், ரொட்ரிகோ ஹொல்காடோ ஒரு கோல். இரண்டு பேரும் அந்த ஆண்டுதான் மலேசியர் ஆனவர்கள். அதைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது கோல் விழுந்தபோது பக்கத்து மேசை மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எங்கள் மேசைக்கு வந்த தே தாரிக்குக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

காற்பந்தைப் பொறுத்தவரை நாங்கள் பட்டினி கிடந்தவர்கள். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் போன அணியையும், ஸ்பைடர்மேன் என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆறுமுகத்தையும் பற்றி அப்பா தலைமுறை பேசிப் பேசியே எங்களை வளர்த்தது. நாங்கள் நேரில் பார்த்தது தோல்விகளைத்தான். எங்கள் மாநில அணியான கெடாவுக்கு 2025-26 பருவத்தில் சூப்பர் லீக் உரிமம்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு நான்கு கோல் என்றால் என்னவென்று வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

செப்டம்பர் 26ஆம் தேதி பிஃபாவின் ஒழுங்குக் குழு அறிவித்தது. ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் ஆளுக்கு 2,000 ஃபிராங்க், பன்னிரண்டு மாதம் காற்பந்து சம்பந்தப்பட்ட எதிலும் ஈடுபடத் தடை. அக்டோபர் 6ஆம் தேதி முழுத் தீர்ப்பும் வெளியானது. அதில்தான் அந்தத் தாத்தா பாட்டிகள் வந்தார்கள்.

பிறந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் வெறும் குடியுரிமை போதாது. அந்த மண்ணில் தானோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வருடக்கணக்கில் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஏழு பேரும் வாழ்ந்தவர்கள் இல்லை. ஆகவே தாத்தா பாட்டி தேவைப்பட்டார்கள். மலேசியா கொடுத்த தாள்களின்படி ஃபகுண்டோ கார்செஸின் தாத்தா பினாங்கில் பிறந்தவர், ஹெக்டர் ஹெவலின் தாத்தா மலாக்காவில், ஜொன் இராசாபலின் தாத்தா கூச்சிங்கில். பிஃபா அந்தந்த நாட்டிலேயே போய் மூலப் பிறப்புப் பதிவுகளை எடுத்தது. கார்செஸின் தாத்தா அர்ஜெண்டினாவின் சாண்டா ஃபேயில் பிறந்திருந்தார். ஹெவலின் தாத்தா நெதர்லாந்தின் ஹேக் நகரில். இராசாபலின் தாத்தா ஸ்பெயினின் குவெர்னிக்காவில். பிக்காசோ வரைந்த அதே ஊர்தான்.

கடையில் நான் இதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன். சிரிப்பு அடங்குவதற்கு நேரம் பிடித்தது. எங்கள் மேசையின் மூத்தவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை. அவர் கேட்டார்:

“அந்தப் பையனோட தாத்தா பினாங்குல எங்கப்பா பொறந்தாராம்? பட்டர்வொர்த் பக்கமா, தீவுலயா?”

“எங்கேயும் பொறக்கல மாமா. அதான் விஷயம்.”

“பொறக்காதவருக்கு சூராட் பெரானாக் எடுத்துட்டானுங்களா?” என்றார். “கெட்டிக்காரனுங்கதான்.”

மாமாவிடம் இருப்பது சிவப்பு ஐ.சி. சுதந்திரத்துக்கு முன்னால் இந்தக் குவாலா மூடா – கூலிம் பக்கத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பதிவு செய்ய யாரும் போகவில்லை. ஐம்பது வருடம் பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் காட்டில் வேலை. குடியுரிமைக்கு எத்தனை முறை எழுதிப்போட்டார் என்று அவருக்கே கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் வரும். டுக்காச்சித்தா என்று தொடங்கும். வருந்துகிறோம் என்று அர்த்தம். எதற்காக வருந்துகிறார்கள் என்று எந்தக் கடிதத்திலும் எழுதியிருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் மேசையில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நண்பன் ஆரம்பத்திலிருந்தே ஆட்டக்காரர்கள் பக்கம். “அவனுங்க என்ன மச்சான் செஞ்சானுங்க? ஏஜெண்டு வந்தான், உன் ரத்தத்துல மலேசியா இருக்குன்னான். கையெழுத்துப் போட்டானுங்க. ஆடச் சொன்னா ஆடினானுங்க. தப்பு செஞ்சவன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான்.” லோரி ஓட்டும் இன்னொருவன் எதிர்ப்பக்கம். “உன் தாத்தா எங்க பொறந்தாருன்னு உனக்குத் தெரியாதா? சும்மா கத விடாத.” தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்தோனேசியாவை இழுப்பார். அவர்களும் நெதர்லாந்திலிருந்துதானே ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்பார். கொண்டுவருகிறார்கள்தான், ஆனால் டச்சுக்காரன் முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தத் தீவுகளில் கிடந்தான். அங்கே பாட்டி பிறந்திருப்பது கதை இல்லை, சரித்திரம். பிஃபாவுக்குப் புகார் போனது ஆட்டம் முடிந்த மறுநாள், ஜூன் 11. ஆகவே தோற்றவர்களின் வயிற்றெரிச்சல் என்று ஒரு கட்சி. வயிற்றெரிச்சலில் கொடுத்த புகாராகவே இருக்கட்டும், தாத்தா பிறந்த ஊர் அதனால் மாறிவிடுமா?

சங்கம் முதலில் சொன்ன காரணம், ஆவணங்களைச் சமர்ப்பித்ததில் ஏற்பட்ட தொழில்நுட்பத் தவறு. இந்த வார்த்தையைப் படித்தபோது எனக்கு முதுகில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது. ஏனென்றால் இதே வார்த்தையை நான் இதற்கு முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

இனி எழுதப் போவதை நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. ஒட்டுக்கடை மேசையிலும்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் வட்டாரத் தோட்டங்களுக்கு இடையே பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான எழுவர் காற்பந்துப் போட்டி நடந்தது. ஒவ்வொரு பையனுக்கும் சூராட் பெரானாக் நகல் கொடுத்தால்தான் பெயர் பதிவார்கள். எங்கள் தோட்டத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரனிடம் அது இல்லை. அவனும் லயத்தில் பிறந்தவன்தான். அப்பா அம்மாவுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது, பதிவு நடக்கவில்லை. அம்மா இறந்தார், அப்பா எங்கேயோ போனார், பாட்டி வளர்த்தார். பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டதே ஒரு நல்ல மனிதர் கண்ணை மூடிக்கொண்டதால்தான். காலில் பந்து இருந்தால் அவனை யாரும் தொட முடியாது. சப்பாத்து இல்லாமல் ஆடுவான்.

குழுவை நடத்திய அண்ணன் ஒருவர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவோடு வாசலில் நின்று பேசினார். அப்பா உள்ளே வந்து பீரோவிலிருந்து என் சூராட்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அணியில் பதினோராவது, பன்னிரண்டாவது இடம்கூடக் கிடைக்காது. ஆகவே என் பெயரை அவன் போட்டுக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போட்டி நாளில் நான் கோட்டுக்கு வெளியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே பெயரில் இரண்டு பேர் உள்ளே இருக்க முடியாதே. முதல் ஆட்டத்தில் அவன் இரண்டு கோல் போட்டான். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். என் பெயர், என் அப்பா பெயர், அப்படியே முழுசாக. என்னைத் தெரியாத தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் போடாத கோலை நானே போட்டதுபோல் கொஞ்ச நேரம் நம்பினேன்.

அரையிறுதிக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். எதிர்த் தோட்டத்துப் பையன்களில் சிலர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். அவனை அவர்களுக்குத் தெரியும், என்னையும் தெரியும். ஏற்பாட்டாளர்கள் ஒரு கூடாரத்துக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். நகலைக் காட்டி என்னிடம் கேட்டார்கள், இது உன்னுடையதா? ஆமாம் என்றேன். யாரு கொடுத்தா? தெரியாது என்றேன். அந்த அண்ணனைக் கேட்டார்கள். பேப்பர் மாறிடுச்சு, மிஸ்டேக் ஆயிடுச்சு என்றார். அவனைக் கேட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றான். எங்கள் அணியை வெளியேற்றினார்கள். அவனுக்கு இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் ஆடத் தடை. எனக்கு ஒன்றும் இல்லை. அந்த அண்ணன் அடுத்த வருடமும் குழு நடத்தினார்.

இரண்டு வருடத் தடை என்பது பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரியது என்று பிறகுதான் தெரிந்தது. ஆறாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டான். ஐ.சி. எடுக்கிற வயதில் ஐ.சி. எடுக்க முடியவில்லை. ஒரு பட்டறையில் லோரி டயர் மாற்றப் போனான்.

ஆகவே இந்த ஏழு பேர் வழக்கை என்னால் ஒரு ரசிகனாக மட்டும் பார்க்க முடியவில்லை.

எனக்கு முதலில் தோன்றியது, இரண்டும் ஒன்றல்ல என்பதுதான். இதை நான் கடையில் கதையைச் சொல்லாமல், சும்மா ஒரு உதாரணம்போலச் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தோட்டப் போட்டியின் விதி எதைத் தெரிந்துகொள்ள விரும்பியது? இவன் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிறானா, இந்தத் தோட்டத்துப் பையன்தானா? இரண்டுக்கும் பதில் ஆமாம். தாள்தான் பொய், பையன் பொய் இல்லை. பிஃபாவின் விதி எதைக் கேட்கிறது? இந்த ஆளுக்கு இந்த நாட்டோடு ரத்தத்திலோ வாழ்க்கையிலோ ஏதாவது தொடர்பு உண்டா? பதில் இல்லை. அந்த இல்லையை மறைக்கத்தான் தாள் செய்யப்பட்டது. ஒரு பொய் உண்மைக்குப் பதிலாக நின்றது, இன்னொரு பொய் உண்மையை விழுங்கியது. குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறார். வாய்மை அதிகாரத்திலேயே கொடுக்கிறார்.

லோரி ஓட்டும் நண்பன் கேட்டுவிட்டுச் சொன்னான்: “ஒன் ஆளுன்னா நியாயம், அடுத்தவன்னா கள்ளமா? அவனுங்களக் கேட்டா அவனுங்களும் இதத்தான் சொல்லுவானுங்க. நாட்டுக்கு நல்லதுன்னுதானே செஞ்சோம்னு.”

இதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். வள்ளுவர் போட்ட நிபந்தனையில் குற்றமில்லாத என்ற சொல் இருக்கிறது. எங்கள் பொய்யில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நானும் அப்பாவும் நினைத்தோம். நஷ்டப்பட்டவன் அவன்தான். கோல் அவனுடையது, பெயர் என்னுடையது. பிடிபடாமல் கிண்ணத்தை வாங்கியிருந்தால்கூட அந்தப் பையன் இருந்ததற்கு ஒரு தாளிலும் தடயம் இருந்திருக்காது. ஏற்கெனவே பதிவில் இல்லாத ஒருவனை அவனுக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை அழித்தோம். நியாயமான வேலை ஒன்று இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போவது. அதற்குப் பல நாள் சம்பளம் போகும், பல வாசல் ஏற வேண்டும். கிண்ணம் அதுவரை காத்திருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது அவன் கால் மட்டும்தான். இப்படிப் பார்த்தால் நண்பன் சொன்னது பாதி சரி. அவனையும் ஹொல்காடோவையும் தேடிப் போனவர்கள் ஒரே காரணத்துக்காகத்தான் போனார்கள்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது. தெரியாமல் செய்தவனைத் தண்டிக்கலாமா? எதுவும் தெரியாது, நல்லெண்ணத்தில்தான் வந்தோம் என்பது ஏழு பேர் தரப்பின் வாதம். பிஃபாவின் ஒழுங்குச் சட்டத்தில் போலி ஆவணத்தைப் பயன்படுத்துவதே குற்றம். செய்தது யார் என்பது அப்புறம். நவம்பர் 3ஆம் தேதி மேல்முறையீட்டுக் குழுவும் இதையே உறுதி செய்தது. பிறகு வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது.

எங்களுக்கு இந்த மாதிரிச் சட்டம் புதிதில்லை. லூனாஸிலிருந்து புக்கிட் மெர்தாஜம் அதிக தூரமில்லை. அங்கே வளர்ந்த லீ சோங் வெய் 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலகப் பூப்பந்துப் போட்டியின்போது கொடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. அந்த நவம்பரில் இதே ஒட்டுக்கடையில் இதைவிடச் சத்தமாகச் சண்டை நடந்தது. உடம்புக்குள் மருந்து இருந்தால் நீதான் பொறுப்பு, எப்படி வந்தது என்பது உன் பாடு என்பதுதான் ஊக்கமருந்துச் சட்டம். ஆனால் 2015 ஏப்ரலில் உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் விசாரணைக் குழு, அவர் சாப்பிட்ட கார்டிசெப்ஸ் மாத்திரையின் ஜெலட்டின் உறையிலிருந்து மருந்து வந்தது என்ற விளக்கத்தை ஏற்றது. ஏமாற்றும் எண்ணம் இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு. வெள்ளிப் பதக்கம் போனது. தடை எட்டு மாதம், அதுவும் பின்தேதியிட்டு. மே 1ஆம் தேதி முடிந்துவிட்டது. நாங்கள் பட்டாசு கொளுத்தாத குறை.

எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் மரியாதை உண்டு. செயலுக்கு ஒரு தண்டனை, எண்ணத்துக்கு ஒரு சலுகை. பதக்கம் அவர் கையில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது சுத்தமான ஆட்டத்தில் வந்ததில்லை. ஆனால் அவர் கள்ளனும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். என்றாலும் அந்த மாத்திரையைச் சோதித்து, நிபுணர்களைக் கொண்டுவந்து, ஆம்ஸ்டர்டாமில் போய் நின்று வாதாட ஒரு நட்சத்திரத்தால் முடிந்தது. அதே 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வூசூ வீராங்கனை தாய் சியாவ் சுவென் வாங்கிய தங்கம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோனது. அவருக்காக எங்கள் மேசையில் யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை. திருச்சிப் பக்கத்து முடிகண்டம் கிராமத்தின் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் 800 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். நான்ட்ரோலோன் என்றார்கள். நான்கு வருடத் தடை, பதக்கமும் போனது. கோமதி அறிந்து செய்தாரா என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் எண்ணத்தை நிரூபிப்பதற்கும் காசு வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. ரசிகர்களான நாங்களும் அந்தக் காசில் ஒரு பகுதிதான். எங்கள் சத்தம் யாருக்காக எழும்புகிறதோ அவருக்கு விசாரணை கொஞ்சம் பொறுமையாக நடக்கிறது.

ஏழு பேருக்குத் திரும்புகிறேன். தன் தாத்தா எங்கே பிறந்தார் என்று ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா? லோரிக்காரன் கேள்வி. முதலில் நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டோம். உன் தாத்தா எங்கே பிறந்தார்? ஹைடெக் பார்க் நண்பன், “சேலம்னு சொல்லுவாங்க, நாமக்கல்லாவும் இருக்கலாம்” என்றான். ஆசிரியர் தஞ்சாவூர் பக்கம் என்றார். எந்தப் பக்கம்? தெரியாது. லோரிக்காரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க தாத்தா தைப்பிங்ல பொறந்தாருன்னு நெனைக்கிறேன்” என்றான். நினைக்கிறானாம். மாமாவுக்குத் தன் அப்பாவின் ஊர்கூடத் தெரியாது. கப்பல் ஏறியது நாகப்பட்டினம் என்று மட்டும் தெரியும். கடல் கடந்த வம்சத்தில் தாத்தாவின் ஊர் தெரியாமல் போவது அதிசயமில்லை. அர்ஜெண்டினாவும் அப்படிக் கப்பலில் வந்து இறங்கியவர்களால் நிரம்பிய நாடுதான்.

ஆக, தெரியாது என்பதை நான் நம்பத் தயார். எனக்கு இடறுவது வேறு. சேலமா நாமக்கல்லா என்று தெரியாத நண்பனிடம் நாளைக்கு ஒருவன் வந்து, உன் தாத்தா ஐஸ்லாந்தில் பிறந்தவர், இந்தா பாஸ்போர்ட், இந்தா சம்பளம் என்று சொன்னால், அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? தெரியாமல் இருப்பது ஒன்று. கேட்டால் கதவு மூடிவிடும் என்று கேட்காமல் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் வெளியே தெரிகிற வார்த்தை ஒன்றேதான், தெரியாது. கூடாரத்துக்குள் நான் சொன்ன தெரியாது இந்த இரண்டிலும் சேராது. எனக்குத் தெரியும். பீரோ திறந்த சத்தம்கூட ஞாபகம் இருந்தது.

ஏழு பேரின் தெரியாது இதில் எந்த வகை என்று எனக்குள் தீர்மானமில்லை. ஒருவேளை ஏழும் ஒரே வகை இல்லையோ என்னவோ. அதனால்தான் ஏழு பேருக்கும் ஒரே அளவு தண்டனை, அதே 2,000, அதே பன்னிரண்டு மாதம் என்பது எனக்கு உறுத்துகிறது. ஸ்பெயினின் முதல்தர லீக்கில் அலாவேஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த கார்செஸ் ஒரே நாளில் ஆட முடியாமல் நின்றார். தாளைச் செய்த கைக்கு அந்தத் தீர்ப்பில் பெயரே இல்லை. விளையாட்டு அமைப்புக்கு ஆட்டக்காரன்தான் எட்டும். தட்டச்சு செய்தவன் எட்ட மாட்டான்.

சிலப்பதிகாரத்தில் பொய்யைச் செய்தவன் பொற்கொல்லன். செத்தவன் கோவலன். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் ஊழியன் பிழை என்று சொல்லவில்லை. தானே கள்வன் என்று சொல்லி விழுந்தான். பள்ளியில் இதைப் படித்தபோது அரசன் ரொம்பத்தான் உணர்ச்சிவசப்படுகிறார் என்று தோன்றியது. தொழில்நுட்பத் தவறு, பேப்பர் மிஸ்டேக் என்றெல்லாம் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அபூர்வமான காரியம் என்று புரிகிறது.

குடியுரிமை எப்படிக் கிடைத்தது என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் விளக்கினார். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்படி கொடுத்தோம், இத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமைச்சருக்குள்ள விருப்புரிமையைக் கொண்டு தளர்த்தினோம் என்றார். பன்னிரண்டு வருடத்தில் பத்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பெயரை லூனாஸ்காரர்களால் மறக்க முடியாது. 2000 நவம்பர் 29ஆம் தேதி நடந்த லூனாஸ் இடைத்தேர்தலில் 530 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, இங்கிருந்துதான் அவர் சட்டமன்றத்துக்குப் போனார். எங்கள் லயங்களுக்கு வந்து தே குடித்தவர். விதியைத் தளர்த்தியது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அந்தச் செய்தியை வாசித்தபோது மாமா கேட்டது இதுதான்: “நான் பன்னெண்டு வருஷத்துல பன்னெண்டு வருஷமும் இங்கதான்யா இருந்தேன். எனக்குத் தளர்த்த என்ன இருக்கு?”

அதற்கு முந்திய வருடம், 2024 அக்டோபரில், மக்களவை அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நல்லது செய்தது. அதே திருத்தம், சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் இங்கே பிறந்தாலே குடிமக்கள் என்ற வழியை மூடியது. காற்பந்துத் தாத்தாக்களைப் பற்றி நாட்டில் பேசிய வாய்களில் நூற்றில் ஒரு பங்கு அதைப் பற்றிப் பேசியிருக்குமா? நானும்தான் பேசவில்லை. மேசையில் ஒரு நாள் பேசினோம், பிறகு மான்செஸ்டர் யுனைடெட் தோற்றது, அதற்குப் போய்விட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமாவைக் காட்டி ஏழு பேரை அடிப்பது சுலபம். முகநூலில் நம் ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். மாமா அப்படிச் செய்யவில்லை. ஹொல்காடோ படம் டிவியில் வரும்போதெல்லாம், “பாவம், நல்லா ஆடுவான்” என்பார். தன்னைக் கடித்த எறும்பு எது என்று அவருக்குத் தெரியும். அது அர்ஜெண்டினாவிலிருந்து வரவில்லை.

மிச்சம் இருப்பது அந்த நான்கு கோல். ஜூன் 10 இரவு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் என்ன செய்வது? தீர்ப்பு வந்த பிறகு அது பொய்ச் சந்தோஷம் ஆகிவிட்டதா? சிலர், நாங்கள் ஏமாற்றப்பட்டோம், எங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. மார்ச்சிலும் ஜூனிலும் திடீரென்று மலேசியர்கள் முளைத்தபோது எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? வந்தது. கிண்டல்கூட அடித்தோம். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் நான்கு கோல் கிடைக்காது. அன்றைக்கு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டுச் சிலிர்த்த பையனும், இந்த ஒட்டுக்கடையில் கத்திய ஆளும் ஒன்றுதான். கட்டிப்பிடித்த மலாய்ப் பெரியவரின் தோள் மட்டும் பொய் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அதை எந்தக் குழுவும் ரத்து செய்ய முடியாது. ஆனால் இந்தச் சமாதானமும் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்பதால் அதையும் முழுசாக நம்பவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியான வாரம், சனிக்கிழமை, நான் பாடாங் செராய் பக்கம் அந்த டயர் பட்டறைக்குப் போனேன். அவன் இப்போது அங்கே மூத்த ஆள். ஐ.சி. அவனுக்கு முப்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது. பல வருடமாக வழியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். கடைக்கு வெளியே நின்று பேசினோம். காற்பந்தில் ஆரம்பித்து அங்கே வந்தேன். அன்னிக்குக் கூடாரத்துல எனக்குத் தெரியும்டா, அப்பா எடுத்துக் கொடுத்தது எனக்குத் தெரியும், தெரியாதுன்னு சொல்லிட்டேன் என்றேன்.

அவன் கையில் இருந்த க்ரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அதான் எல்லாருக்கும் தெரியுமே” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அந்த ரெண்டாவது கோலு ஞாபகம் இருக்கா? எடது கால்ல போட்டது?”

“இருக்கு.”

“கோலி கைய வெச்சான், கையோட உள்ள போச்சு.”

“ஆமா.”

“அது மட்டும் நெனப்புல இருந்தா சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஒரு லோரி காத்திருந்தது.